சிரங்கு: வீட்டில் எல்லோருக்கும், ஒரே இரவில்

கேட்டிருப்பவர் ஒரு தாய். விடுதியில் தங்கிப் படிக்கும் பதினான்கு வயது மகன் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோதே விரல் இடுக்குகளில் அரிப்போடு வந்தான். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் பூசியதும் குறைந்தது. விடுதிக்குத் திரும்பியபின் மறுபடி கிளம்பிவிட்டது. பிப்ரவரி கடைசியில் தாய்க்கும் ஒன்பது வயது மகளுக்கும் அரிக்கத் தொடங்கியது. இப்போது ஏழு மாதக் கைக்குழந்தைக்கு உள்ளங்காலில் நீர்க்கொப்புளங்கள். கணவருக்கும் மாமியாருக்கும் எதுவும் இல்லை, அதனால் அவர்கள் மருந்தைத் தொடவில்லை. யாருக்கு அதிகமாக இருக்கிறதோ அவருக்கு மட்டும் பூசுவது, சில நாள் நிம்மதி, மறுபடி அரிப்பு என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. மெத்தையை எரித்துவிடலாமா, வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடிக்க வேண்டுமா, இது ஏன் போகவே மாட்டேன் என்கிறது என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மருத்துவர்கள் ஸ்கேபீஸ் என்று சொல்லும் சிரங்குதான் இது என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. ஆனாலும் எழுத்தைப் படித்து நோயை முடிவு செய்வது சரியல்ல. குழந்தையையும் உங்களையும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அவர் உறுதிசெய்தபின் வீட்டில் செய்ய வேண்டியதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் சொல்லி முடிப்பது அவருக்கும் இயலாது, கேட்டு நினைவில் வைப்பது உங்களுக்கும் இயலாது.

முதலில் மெத்தையை எரிக்க வேண்டாம். மருந்து தோற்றதற்குக் காரணம் மெத்தையில் இல்லை. அரிப்பே இல்லாத உங்கள் கணவரிடமும் மாமியாரிடமும், விடுதியில் இருக்கும் மகனிடமும் இருக்கிறது. ஒருவருக்குக் குணமாகும் நேரத்தில் இன்னொருவரிடம் சிரங்கை உண்டாக்கும் பூச்சி வளர்ந்துகொண்டிருக்கிறது. குணமானவர் அவர் பக்கத்தில் படுக்கிறார், மறுபடி தொற்றுகிறது. மூன்று மாதமாக உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

இந்தப் பூச்சி உண்ணி இனத்தைச் சேர்ந்தது. எட்டுக் கால்கள். பெண் பூச்சி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். நல்ல கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரிந்தால் பெரிது. தோலின் மேலடுக்கைக் குடைந்து வளை தோண்டி அதற்குள்ளேயே வாழ்கிறது. ஒன்று முதல் இரண்டு மாத ஆயுளில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரிந்து, இரண்டு வாரம் போல் கழித்து அந்தக் குஞ்சுகளும் வளர்ந்த பூச்சிகளாகிவிடும். இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. மருந்தை ஏன் இரண்டு முறை பூச வேண்டும் என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

உடம்பு முழுக்க அரிப்பதால் உடம்பு முழுக்கப் பூச்சி என்று நினைக்கிறோம். சாதாரணமாகச் சிரங்கு வந்த ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அந்தப் பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் நம் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. ஒவ்வாமை உருவாக நாளாகும். முதன்முறையாகத் தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்த நாட்களிலும் அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும். ஒருமுறை வந்து போனவருக்கு மறுபடி தொற்றினால், உடம்பு ஏற்கெனவே பழகியிருப்பதால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் அரிக்கத் தொடங்கிவிடும்.

உங்கள் வீட்டுக் கதையை இந்த நாட்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மகன் பொங்கலுக்கு வந்தான். உங்களுக்கு அரிப்பு பிப்ரவரி கடைசியில். ஏறத்தாழ ஆறு வாரம். அவன் வீட்டில் இருந்த நாட்களிலேயே உங்களுக்குத் தொற்றியிருக்கிறது. உங்கள் கணவருக்கு உங்களிடமிருந்து மார்ச்சில் தொற்றியிருந்தால் அவருக்கு அரிப்பு இனிமேல்தான் வரும். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி அவரை விட்டுவைக்கவும் முடியாது.

தொற்றும் வழி தோலோடு தோல் சேர்ந்திருப்பது. பத்து இருபது நிமிடமாவது ஒட்டியிருந்தால்தான் பொதுவாகத் தொற்றும். கை குலுக்கினால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் வந்துவிடாது. கணவன் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், பேத்தியை அணைத்துப் படுக்கும் பாட்டி, விடுதியில் பாயை ஒட்டிப் போட்டுத் தூங்கும் பையன்கள், இவர்களிடையேதான் பரவும். அன்பாக நெருங்கி வாழும் வீட்டில் அதிகம் பரவும் நோய் இது. அழுக்குக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மக்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. நாளுக்கு இருமுறை குளிப்பவருக்கும் வரும், ஏனென்றால் வளைக்குள் இருக்கும் பூச்சியைச் சோப்பும் தண்ணீரும் தொடுவதில்லை. ஆகவே "எங்கள் வீட்டில் போய் இந்த நோயா" என்று உங்கள் மாமியார் கூசுகிறார் என்றால், அதற்கு இடமே இல்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை. அரிப்பு இரவில், போர்வைக்குள் உடம்பு சூடானதும் கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, பாவாடை நாடாவோ அரைஞாணோ இருக்கும் இடுப்பு, பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில், பிட்டத்தில் சிறு பருக்கள் இருக்கும். சில இடங்களில் அரை, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறக் கோடு போல வளை தெரியும். பெரியவர்களுக்கு முகமும் தலையும் பெரும்பாலும் தப்பிவிடும். கைக்குழந்தைகளுக்கு அப்படியில்லை, உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எங்கும் வரும், கொப்புளமாகவும் வரும். உங்கள் குழந்தையின் உள்ளங்கால் கொப்புளத்தைப் படித்ததும்தான் எனக்கு ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு இரவில் அரிக்கிறது என்பது இந்த நோய்க்கு மிக வலுவான சான்று.

இனி அந்த மருந்துக்கடைக் களிம்பு. டியூபை எடுத்து அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் ஊரில் படை, தேமல், அரிப்பு எதற்குப் போய்க் கேட்டாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ஒரே களிம்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமும் கோபமும் தரும் பழக்கம். ஸ்டீராய்டு ஒவ்வாமையை அடக்கும்; அதனால் அரிப்பு இரண்டு நாளில் குறையும்; பூச்சி சாகாது. எதிர்ப்பு அடங்கிய தோலில் அது இன்னும் வசதியாகப் பெருகும். பருக்களின் தோற்றமும் மாறிப்போவதால் அடுத்து பார்க்கும் மருத்துவர்கூடத் தடுமாறுவார். குழந்தையின் மெல்லிய தோலில் வேறு தீங்குகளும் உண்டு. அந்த டியூப் அப்படிப்பட்டது என்றால் யாருக்கும் பூசாமல் நிறுத்துங்கள்; மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

சரியான மருந்து பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. இரண்டு மாதம் நிறைந்த குழந்தை முதல் முதியவர் வரை பூசலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் டியூப் ஒன்று வேண்டும். ஒரே டியூபை மூன்று பேர் பகிர்ந்து "பூசிவிட்டோம், கேட்கவில்லை" என்று வருகிற குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டால், உங்களுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் மகனுக்கும் தலா ஒன்று, மகளுக்குப் பாதி, கைக்குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு. ஒரு முறைக்கு ஐந்து டியூப், இரண்டு முறைக்குப் பத்து. கையைக் கடிக்கும் செலவுதான். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் கேளுங்கள். இருப்பில் இருக்கும் சிரங்கு மருந்தை இலவசமாகவே தருவார்கள். எத்தனை பேர் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டில் ஒருவர் பெயருக்கு ஒரு டியூப்தான் வரும்.

நாள் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவாக, மறுநாள் அவசர வேலை இல்லாத சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. அன்றைக்கு எல்லோரும் பூசிக்கொள்ள வேண்டும். அரிப்பு உள்ளவர், இல்லாதவர், "நான் தனியாகத்தானே படுக்கிறேன்" என்பவர், எல்லோரும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினர் இருந்தால் அவரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் ஒருவர் நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் மருந்து தேவை. அதை நீங்கள் வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம்.

மாலையில் எல்லோரும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். குளிப்பதாக இருந்தால் சாதாரணமாகக் குளித்து, உடம்பு நன்றாக உலர்ந்து சூடு தணிந்தபின் பூசத் தொடங்குங்கள். வெந்நீரில் ஊறிப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளித்துவிட்டுப் பூசுவது பழைய முறை. அப்படிச் செய்தால் மருந்து பூச்சி இருக்கும் மேல்தோலில் தங்காமல் உள்ளே இழுபடும், எரிச்சலும் கூடும்.

தாடைக்குக் கீழே கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, பரு இருக்கும் இடம் இல்லாத இடம் என்று பார்க்காமல், ஓர் அங்குலம் விடாமல் பூச வேண்டும். காதுக்குப் பின்பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரு தெரியும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதுதான் வீடுகளில் நடப்பது. பூச்சி பரு இல்லாத இடத்திலும் இருக்கும். முதுகை ஒருவருக்கொருவர் பூசிவிட வேண்டும். விரல் இடுக்கு, கால்விரல் இடுக்கு, தொப்புள், அக்குள், தொடை இடுக்கு, பிட்டத்தின் நடுப்பிளவு, பிறப்புறுப்பு, நகத்துக்கு அடியில், இவை மறந்துபோகும் இடங்கள். நகத்துக்கடியில் பழைய பல்துலக்கியால் தடவலாம். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மோதிரம், மெட்டி, வளையல், தாலிக்கயிறு, குழந்தையின் அரைஞாண், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாதென்றால் ஒதுக்கிப் பிடித்து அதன் அடியில் பூசுங்கள். கயிறுகளைப் புதிதாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

மருந்து உடம்பில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், பன்னிரண்டு, பதினான்கு மணி வரை இருக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். இரவில் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டால் கழுவிய இடத்தில் குழந்தைக்கும், உங்கள் கைக்கும் மறுபடி. விரல் இடுக்குதான் பூச்சிக்கு மிகப் பிடித்த இடம். அந்த இடத்து மருந்தைத்தான் நாம் முதலில் கழுவித் தொலைக்கிறோம். காலையில் குளித்துத் துவைத்த உடையை உடுத்திக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்குத் தலை, நெற்றி, காது, முகம் எல்லாவற்றிலும் பூச வேண்டும். கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிடுங்கள். கையைச் சூப்பாமல் இருக்க மெல்லிய பருத்திக் காலுறையை இரண்டு கையிலும் மாட்டிவிடலாம். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் காம்பை நன்றாகக் கழுவிவிட்டு, கொடுத்து முடித்தபின் அங்கே மறுபடி பூசிக்கொள்ளுங்கள். மாமியாருக்கும், முதியவர் என்பதால், தலையும் முகமும் சேர்த்துப் பூசுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; பலரும் சேர்த்தே பூசச் சொல்வார்கள்.

இதே சடங்கு முழுவதையும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல் முறையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில் பிடிக்க வேண்டும். "நன்றாகிவிட்டதே" என்று இரண்டாம் முறையை விட்டுவிடாதீர்கள். அதே நேரம் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று நீங்களாகத் திரும்பத் திரும்பப் பூசவும் வேண்டாம். தோல் வறண்டு எரிச்சல் கண்டு அதுவே தனி அரிப்பாகிவிடும்.

ஐவர்மெக்டின் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். கொரோனா காலத்தில் பெயர் அடிபட்ட அதே மாத்திரைதான். அங்கே பயன் நிரூபணமாகவில்லை, சிரங்குக்கு நிரூபணமாகியிருக்கிறது. எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். இதுவும் முட்டையைக் கொல்லாது, ஆகவே ஒன்று இரண்டு வாரம் விட்டு இரண்டாம் முறை தேவை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை; பாலூட்டுபவர் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். உங்கள் கணவரைப் போல உடம்பு முழுக்கப் பூசப் பொறுமையில்லாதவருக்கும், விடுதி போன்ற இடத்தில் நாற்பது பேருக்கு ஒரே நாளில் மருந்து தருவதற்கும் இது மிக வசதியானது.

அரிப்பில்லாதவருக்கும் மருந்து என்று நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்குப் பிஜித் தீவுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். 2012-13ல் அங்கே தீவுச் சமூகங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் சிரங்கு உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருங்கியிருப்பவர்களுக்கும் மட்டும் பெர்மெத்ரின். இன்னொரு பிரிவில் நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் பெர்மெத்ரின். மூன்றாவதில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 36.6 சதவீதமாக இருந்த சிரங்கு 18.8 ஆனது, இரண்டாவதில் 41.7 சதவீதம் 15.8 ஆனது; மூன்றாவதில் 32.1 சதவீதம் 1.9க்கு இறங்கியது. ஊருக்கே பொருந்திய இந்தக் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2017ல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. வெட்கப்பட்டு மறைப்பதற்கு இது யாருக்கும் வராத நோய் ஒன்றுமில்லை.

மெத்தைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் சிரங்கு பெருகியபோது, போர்வையும் உடையும்தான் பரப்புகின்றன என்று நம்பி அவற்றைக் கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்ய ஏராளமாகச் செலவிட்டார்கள். ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம்தராத இளைஞர்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். சிரங்கு வந்தவர்கள் பயன்படுத்திய உள்ளாடைகளைத் துவைக்காமல் உடுத்தினார்கள், அவர்கள் போர்த்திய போர்வைக்குள் படுத்தார்கள். மிகச் சிலருக்கே தொற்றியது. நோயுள்ளவரோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் தொற்றியது. மனித உடம்பை விட்டு விலகிய பூச்சி சாதாரணமாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை. 50 டிகிரி சூட்டில் பத்தே நிமிடத்தில் செத்துவிடும்.

ஆகவே துணி விஷயத்தில் அளவோடு செய்தால் போதும். பூசிய மறுநாள் காலையில், கடந்த மூன்று நாளில் உடுத்திய உடைகள், படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, துண்டு, குழந்தையின் தூளிச் சேலை எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் இல்லாத நாளென்றால் சூடாக இஸ்திரி போடுங்கள். துவைக்க முடியாத கம்பளி, பொம்மை, பள்ளிப் பை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தால் போதும். மெத்தையையும் பாயையும் வெயிலில் போட்டு எடுத்துத் துவைத்த விரிப்பைப் போடுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பட்டுப் புடவைகளைத் தொடவே வேண்டாம். வீட்டுக்குள் பூச்சி மருந்து அடிப்பதால் பயனில்லை. தவழப்போகும் குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்தும்கூட. தெருநாய்க்குச் சொறி இருக்கிறதே என்று சிலர் நாயைக் குற்றம் சொல்வார்கள். நாயின் சொறிப்பூச்சி நம் தோலில் சில நாள் அரிக்க வைக்கும், ஆனால் நம் உடம்பில் பெருகி வாழாது. மூன்று மாதம் நீடித்து வீட்டில் எல்லோருக்கும் பரவுவது மனிதரிடமிருந்து வந்ததுதான்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று உங்கள் மாமியார் நிச்சயம் கேட்பார். அதை ஏளனமாகத் தள்ள மாட்டேன். 814 பேருக்கு வேப்பிலை, மஞ்சள் விழுதைப் பூசி 97 சதவீதம் பேர் மூன்று முதல் பதினைந்து நாளில் குணமானதாக 1992ல் ஒரு முதற்கட்ட ஆய்வு வெளிவந்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு இல்லை; அதை மட்டும் நம்பி ஏழு மாதக் குழந்தையின் சிகிச்சையை ஒப்படைக்க நான் துணிய மாட்டேன். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பது மனத்துக்கு இதம் என்றால் குளிக்கட்டும். பெர்மெத்ரின் பூசிய இரவில் மட்டும் அதன்மேல் எதையும் பூச வேண்டாம். கந்தகத்துக்கு உண்மையாகவே பலன் உண்டு. மருந்தாகத் தயாரித்த 5 முதல் 10 சதவீதக் கந்தகக் களிம்பை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூன்று இரவுகள் தொடர்ந்து பூச இன்றும் தருகிறார்கள். நாட்டு மருந்துக்கடையில் கந்தகப் பொடியை வாங்கி எண்ணெயில் குழைத்து நீங்களே செய்வது வேறு, தோல் வெந்துபோகும். மண்ணெண்ணெய், ஃபினைல், கொசு மருந்து எதுவும் தோலில் படவே கூடாது. கத்தரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை ஆகியவற்றை நிறுத்துவதால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. பாலூட்டும் நீங்கள் மீனையும் முட்டையையும் விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்கும் குழந்தைக்கும்தான்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. எல்லாம் சரியாகச் செய்தாலும் அரிப்பு மறுநாளே நிற்காது. பூச்சி செத்தபின்னும் அதன் மிச்சங்கள் தோலில் இருக்கும். தோல் உரிந்து அவை வெளியேறும் வரை, இரண்டு முதல் நான்கு வாரம், அரிப்பு மெல்ல மெல்லக் குறையும். சில நாள் கூடினாற்போலவும் இருக்கும். இந்த இடத்தில்தான் மக்கள் நம்பிக்கை இழந்து மருத்துவரை மாற்றுகிறார்கள், மருந்தை மாற்றுகிறார்கள், அந்தப் பழைய ஸ்டீராய்டு டியூபைத் தேடுகிறார்கள். தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத ஈரப்பதக் களிம்போ தடவுங்கள். இரவில் அரிப்புக் குறைய மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தருவார். பையன்களுக்கு விதைப்பையிலும் அக்குளிலும் செம்பழுப்பு நிறத்தில் கட்டிகள் மாதக்கணக்கில் தங்கலாம். பூச்சி செத்தபின்னும் அவை இருக்கும், தானாக மறையும். நான்கு வாரம் கழித்தும் குறையவில்லை, புதிய பருக்களும் வளைகளும் கிளம்புகின்றன என்றால்தான் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது அவர் முதலில் கேட்பது யார் பூசவில்லை என்பதாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் சில நாடுகளில் பெர்மெத்ரினுக்கு முன்போல் பூச்சி சாவதில்லை என்று மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். ஆனாலும் பூசிய முறையில் குறை இல்லை என்பதை உறுதிசெய்யாமல் மருந்தின்மேல் பழி போட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால், தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவி வலித்தால் பாக்டீரியா உள்ளே புகுந்திருக்கிறது. முதலில் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அப்படிப்பட்ட புண் வந்து ஒன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், குழந்தையின் முகமோ கண் இமையோ காலையில் வீங்கினால், சிறுநீர் குறைந்து கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கியதன் அறிகுறி அது. சிரங்குதானே என்று விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மாமியாரைப் பற்றி இன்னொரு வார்த்தை. வயதானவர்களுக்கு அரிப்பு உணர்வு மங்கியிருக்கலாம். சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ உடம்பின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு, விரல்களிலும் உள்ளங்கையிலும் காதிலும் தடித்த செதில் செதிலாகப் படியும் ஒரு வகைச் சிரங்கு அரிதாக வரும். அதில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில், சில வேளைகளில் லட்சக்கணக்கில் இருக்கும். அவருக்கு அரிப்பு பெரிதாக இருக்காது, ஆனால் வீடு முழுவதற்கும் அவரிடமிருந்து பரவும். உங்கள் மாமியாரின் கையையும் காலையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். அப்படி எதுவும் தெரிந்தால் வீட்டு மருத்துவம் போதாது. களிம்பும் மாத்திரையும் சேர்த்துப் பலமுறை தரவேண்டியிருக்கும். ஒன்றுமில்லை என்றாலும் அவரும் பூசியாக வேண்டும். "உங்களுக்கு நோய் இருக்கிறது" என்று தொடங்காமல், "பேரப்பிள்ளைக்குத் திரும்ப வராமல் இருக்க நாம் எல்லோரும் இன்றைக்குப் பூசிக்கொள்கிறோம்" என்று சொன்னால் மறுக்கும் பாட்டியை நான் பார்த்ததில்லை. முதுகில் பூசிவிடும் வேலையை உங்கள் கணவர் தம் தாய்க்குச் செய்யட்டும்.

கடைசியாக விடுதி. மகன் வீட்டுக்கு வந்து பூசிக்கொண்டு, சிகிச்சை பெறாத அதே அறைத் தோழர்களிடம் திரும்பினால் ஒரு வாரத்தில் மறுபடி அரிக்கும். அடுத்த விடுமுறையில் மறுபடி உங்கள் வீட்டுக்கு வரும். விடுதிக் காப்பாளரிடம் நேரில் பேசுங்கள். உங்கள் மகன் பெயர் வெளியே வராமல், அந்த அறையில் அல்லது அந்தத் தளத்தில் உள்ள எல்லாப் பையன்களுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைக் காப்பாளர் அழைத்தால் விடுதியிலேயே வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். முடிந்தால் விடுதியில் மருந்து கொடுக்கும் நாளையும் உங்கள் வீட்டில் பூசும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் மகனை இரண்டு நாள் விடுப்பில் அழைத்து வீட்டாரோடு சேர்த்துப் பூசி, விடுதியில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடிந்தபின் திருப்பி அனுப்புங்கள். பூசிய மறுநாள் காலையிலிருந்து அவன் யாருக்கும் பரப்ப மாட்டான். பள்ளிக்குப் போகத் தடையில்லை என்பதையும் காப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், பையனை ஒதுக்கி வைத்துவிடாமல் இருப்பார்கள்.